வறண்ட நிலத் தீவனப் பயிருக்குப் பக்குவப்படுத்திய கழிவு உரம்: குழியிலிருந்து தொட்டி வரை முழுமையான வழிகாட்டி

தானியப் பயிரில் கதிரைக் கொய்த பிறகு தட்டையும் தூரும் நிலத்தில் நின்றால் சத்தில் ஒரு பங்கு மண்ணுக்கே திரும்பும். தீவனப் பயிரில் அதற்கு வழியில்லை. தரையை ஒட்டி அறுத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்விடுகிறோம். ஒரு ஹெக்டேரில் 6 டன் உலர் எடை வரும் தீவனச் சோளம் சுமார் 70 கிலோ தழைச்சத்தையும் (நைட்ரஜன்), 12 கிலோ பாஸ்பரஸையும், 100 கிலோவுக்கு மேல் பொட்டாசியத்தையும் அள்ளிக்கொண்டு போகும். மாடு தின்றதில் பெரும்பகுதி சாணமாகவும் மூத்திரமாகவும் திரும்ப வெளியே வருகிறது. அதைப் பக்குவம் செய்து அதே நிலத்துக்குத் திருப்புவதுதான் இந்த வேலை முழுவதும்.

வறண்ட பகுதியில் இதைச் செய்யும்போது இரண்டு விஷயங்களைக் கடைசி வரை மறக்கக் கூடாது. ஒன்று, தண்ணீர் இல்லாமல் குப்பை மட்காது. காய்ந்து கிடக்கும், அவ்வளவுதான். இரண்டு, நிலத்தில் கொட்டுவது எல்லாம் சில வாரங்களில் மாட்டின் வாய்க்குப் போகிறது. கம்பித் துண்டானாலும் புழு முட்டையானாலும் பயிரில் மிஞ்சித் தேங்கிய நைட்ரேட் நஞ்சானாலும் போய்ச் சேரும் இடம் மாட்டின் தீவனத் தொட்டிதான்.

எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது

மாட்டுச் சாணம், ஆட்டுப் புழுக்கை, தொட்டியில் மிஞ்சிய தட்டை, வைக்கோல் கூளம், மரத்தழை, காய்கறிக் கழிவு, சாண எரிவாயுக் கலனிலிருந்து வெளிவரும் ஸ்லரி ஆகியவை தாராளமாக ஆகும். கவனம் வேண்டியவை நான்கு.

கோழி எருவில் தழைச்சத்து அதிகம். கூடவே செத்த கோழியின் துண்டு ஒன்று கலந்திருந்தாலும் ஆபத்துதான். அழுகும் உடலில் பெருகும் பொட்டுலிசம் நச்சு மிகச் சிறிய அளவிலேயே மாட்டை முடக்கிக் கொன்றுவிடும். அதனால் கோழி எருவை நேராகத் தீவன நிலத்திலோ மேய்ச்சல் நிலத்திலோ தூவாதீர்கள். கொட்டும்போதே கிளறிப் பார்த்து, செத்த கோழி இருந்த மூட்டையை மூட்டையோடு ஒதுக்கிவிடுங்கள். தாமிரம் சேர்த்த தீவனம் தின்ற கோழி, பன்றிகளின் எருவில் தாமிரம் தங்கியிருக்கும். மாடு அதைத் தாங்கும், செம்மறி ஆடு தாங்காது. செம்மறி மேயும் நிலத்துக்கு அந்த எரு வேண்டாம்.

நகரக் குப்பையில் பிளாஸ்டிக், ஆணி, கம்பி, கண்ணாடி இருக்கும். மாடு நாவால் சுருட்டி விழுங்கும் பிராணி. ஆட்டைப்போலப் பொறுக்கித் தின்னாது. இரண்டு அங்குலக் கம்பி இரண்டாம் வயிற்றைக் குத்தி இதய உறை வரைக்கும் போகும். நகரக் குப்பையை மட்க வைக்கும் முன்பு ஒரு முறை பிரித்தெடுங்கள். மட்கிய பிறகு 10 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் சலித்து, சலித்ததன் மேல் காந்தக் கட்டை ஒன்றை இழுத்துவிடுங்கள். பழைய பேட்டரித் துண்டு கண்ணில் பட்டால் அந்தக் குவியலே தீவன நிலத்துக்கு ஆகாது. காரீயம் கன்றுகளைச் சீக்கிரம் கொல்லும்.

மனிதக் கழிவு கலந்த கசட்டில் மாட்டு நாடாப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். அவை புல்லில் ஒட்டி மாட்டுக்குள் போய்த் தசையில் கொப்புளமாகத் தங்கி, சரியாக வேகாத இறைச்சி வழியே மனிதருக்கே திரும்பும். முழுச் சூட்டில் மட்காத கசட்டைத் தீவனத்துக்குப் போடவே கூடாது. கன உலோகப் பரிசோதனை இல்லாத கசட்டையும் ஒதுக்குங்கள். சுண்ணாம்பு கலந்து நோய் நீக்கிய கசடு கிடைக்கும் இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வறண்ட நிலத்து மண் பெரும்பாலும் ஏற்கெனவே காரமானது. அதில் மேலும் சுண்ணாம்பு ஏறினால் துத்தநாகமும் இரும்பும் பயிருக்கு எட்டாமல் போய் இலை வெளிறும்.

நான்காவது, களைக்கொல்லி. குளோபைராலிட், அமினோபைராலிட் போன்றவை அடித்த புல்லை மாடு தின்றால், அந்த மருந்து சாணத்தில் இறங்கி, மட்கிய பிறகும் உயிரோடு நிற்கும். சோளத்துக்கு ஒன்றும் ஆகாது. பயறு, குதிரைமசால், வேலிமசால் போன்றவற்றின் இளந்தளிர் கிண்ணம்போலச் சுருண்டுவிடும். விலைக்கு வாங்கும் வைக்கோலுக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

கலவைக் கணக்கு

கரிமமும் தழைச்சத்தும் 25 முதல் 30-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் குவியல் நன்றாகச் சூடேறும். சாணம் 20-ஐ ஒட்டி இருக்கும்; காய்ந்த தட்டை 70, 80 என்று போகும்; பயறுவகைப் பச்சைத்தழை 15-ஐ ஒட்டி இருக்கும். வறண்ட பகுதியில் தட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே அதிகம் போட்டுவிடுகிறார்கள். குவியல் மூன்று மாதமானாலும் அப்படியே கிடப்பதற்குத் தண்ணீர்க் குறைவுக்கு அடுத்த காரணம் இதுதான்.

நம்பிச் செய்யக்கூடிய ஒரு கலவை:

- புதுச் சாணம் 500 கிலோ
- 5–8 செ.மீ. துண்டாக நறுக்கிய காய்ந்த தட்டை 200 கிலோ
- பயறுவகை மரத்தழை அல்லது பச்சைச் செடி 150 கிலோ
- சோதித்த கோழி எரு 30 கிலோ

இதில் கரிமம் சுமார் 145 கிலோ, தழைச்சத்து சுமார் 4.7 கிலோ, விகிதம் 31-ஐ ஒட்டி நிற்கும். சாணத்திலும் தழையிலும் உள்ள ஈரமே கலவையை 60% ஈரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்பது இதன் பெரிய லாபம். தொடக்கத்தில் தனியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கோழி எரு கிடைக்காவிட்டால் தொழுவத்தில் சேரும் மாட்டு மூத்திரம் 80 லிட்டர் தெளியுங்கள். சாணத்தைத் தொழுவத்திலேயே காயவிட்டுப் பிறகு சேர்த்தால் இந்தக் கணக்கு நிற்காது. காய்ந்த வறட்டியை நனைக்கத் தண்ணீரும் அதிகம் பிடிக்கும், தழைச்சத்திலும் ஒரு பங்கு ஏற்கெனவே காற்றோடு போயிருக்கும்.

ஒரு மாடு நாளுக்கு 10–15 கிலோ சாணம் போடும். ஒரு டன் பச்சைக் கலவை மட்கி முடிந்ததும் 300–400 கிலோவாகத்தான் நிற்கும். நிலத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள்.

அரைக்குழி

திறந்த குவியலைக் காற்று உலர்த்திவிடும். ஆழக்குழியில் ஈரம் நிற்கும், ஆனால் அடியில் காற்றில்லாமல் அழுகும், சூடும் ஏறாது. வறண்ட பகுதிக்கு இரண்டுக்கும் நடுவான அரைக்குழி பொருந்தும். 60 செ.மீ. ஆழம், 2 மீட்டர் அகலம் தோண்டி, தரைக்கு மேல் இன்னும் 60 செ.மீ. உயர்த்திக் கட்டுங்கள். 4 மீட்டர் நீளம் நிரப்பினால் ஏறக்குறைய 4 டன் பிடிக்கும். நிரப்பும் நீளத்தைவிடக் குழியை ஒன்றரை மீட்டர் கூடுதலாகத் தோண்டி, அந்த முனையைக் காலியாக விடுங்கள். இந்த இடம் இல்லாமல் உள்ளே புரட்ட முடியாது. மரநிழலோ, காற்று வரும் திசையில் ஒரு தட்டை வேலியோ இருந்தால் தண்ணீர்ச் செலவு கணிசமாகக் குறையும். கிணற்றடியிலும் மழைநீர் ஓடி வரும் பள்ளத்திலும் குழி வேண்டாம்.

அடியில் 15 செ.மீ. கனமான தண்டுகளைப் பரப்புங்கள். காற்று உள்ளே போக அதுதான் வழி. அதன் மேல் தட்டை 15 செ.மீ., தழை, கையளவு தடிமனில் சாணம், மேலே கொஞ்சம் பழைய மட்கு என்று அடுக்கிக்கொண்டே வாருங்கள். காலால் மிதித்து இறுக்காதீர்கள். கடைசியில் 10 செ.மீ. வைக்கோலோ பழைய மட்கோ போர்த்தி, அதன் மேல் பழைய சாக்கோ பாலித்தீன் விரிப்போ போட்டு ஓரங்களில் கல் வையுங்கள். விரிப்பின் ஓரங்கள் முழுவதும் அடைபடாமல் காற்று நுழைய இடைவெளி இருக்கட்டும்.

ஈரத்தைக் கருவி இல்லாமலே பார்க்கலாம். ஒரு முழம் உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்து, கையைத் திறந்ததும் உருண்டை உடையாமல் நின்றால் 55–60%. ஒழுகினால் அதிகம், தட்டை சேர்த்துக் கிளற வேண்டும். உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தால் 45-க்குக் கீழே போய்விட்டது. ஒரு டன் கலவை 60%-லிருந்து 50%-க்கு வறண்டால் அதை மீட்க 200 லிட்டர் தண்ணீர் வேண்டும். 40%-க்கும் கீழே விட்டால் நுண்ணுயிர் வேலையை நிறுத்திவிடும், சூடு இறங்கும். சூடு இறங்கியதைப் பார்த்து மட்கிவிட்டது என்று நினைத்துக் காய்ந்த குப்பையை நிலத்தில் கொட்டுவது வறண்ட பகுதியில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. முதல் மழை பட்டதும் அது வயலிலேயே மட்கத் தொடங்கி, பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சூடும் புரட்டலும்

மூன்றாம் நாளுக்குள் நடுப்பகுதி 55 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். நீளத் தண்டுள்ள வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கடப்பாரையை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். உள்ளே இருந்த பகுதியைக் கையில் வைத்துக்கொள்ள முடியாத சூடு இருந்தால் போதும். வெதுவெதுப்பு மட்டும் இருந்தால் போதாது.

குவியலாகக் கட்டும் முறையில் நோய்க்கிருமியையும் புழு முட்டையையும் ஒழிக்க, 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் 5 முறை புரட்டல் என்பது ஏற்கப்பட்ட அளவுகோல். அதாவது மூன்று நாளுக்கு ஒரு முறை. குவியலின் வெளிப்புறம் ஒருபோதும் அந்தச் சூட்டை எட்டாது என்பதால்தான் ஐந்து முறை. ஒவ்வொரு புரட்டலிலும் வெளியே இருந்ததை உள்ளே தள்ளுங்கள். வெறுமனே கிளறிவிட்டுப் போனால் புரட்டியதாகக் கணக்கில்லை. களை விதைகளும் அதே வெளி ஓரத்தில்தான் பிழைத்துக்கொள்ளும்.

புரட்டும்போதுதான் அதிக ஈரம் ஆவியாகப் போகும். மாலையில் புரட்டுங்கள், புரட்டப் புரட்டத் தண்ணீர் தெளியுங்கள், முடித்த உடனே மூடுங்கள். மேலே இருந்து ஒரேயடியாக ஊற்றினால் தண்ணீர் வழி கண்டு அடிக்கு ஓடிவிடும், நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். 70 டிகிரியைத் தாண்டினால் உடனே புரட்டுங்கள். அந்தச் சூட்டில் நல்ல நுண்ணுயிரும் செத்துப்போகும். மூக்கை அறுக்கும் அமோனியா வாடை வந்தால் தழைச்சத்து காற்றில் போகிறது, தட்டை சேர்க்க வேண்டும். முட்டை அழுகிய நாற்றம் வந்தால் காற்றில்லை.

15 நாள் சூடு முடிந்ததும் வாரம் ஒரு புரட்டல் வீதம் ஒரு மாதம், பிறகு புரட்டாமல் 30–60 நாள் ஆறவிடுங்கள். ஆக மூன்று மாதம், கூடினால் நான்கு.

முற்றியதா என்று பார்ப்பது

மூன்று சோதனை போதும். புரட்டி ஈரம் கொடுத்த பிறகும் குவியல் மறுபடி சூடேறக் கூடாது. ஈரமான ஒரு பிடியை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஐந்து நாள் நிழலில் வைத்துத் திறந்தால் மண்வாசனை வர வேண்டும். புளித்த வாடையோ அமோனியாவோ வந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். மூன்றாவது விதைச் சோதனை: பாதி மட்கு, பாதி மண் கலந்த மூன்று தொட்டி, வெறும் மண்ணுள்ள மூன்று தொட்டி, ஒவ்வொன்றிலும் பத்து தட்டைப்பயறு விதை. மூன்று வாரம் பாருங்கள். முளைப்பு குறைந்தால் மட்கு முற்றவில்லை அல்லது உப்பு அதிகம். நன்றாக முளைத்து, மூன்றாம் இலை சுருண்டால் களைக்கொல்லி.

உப்பு

மழை அதிகமுள்ள இடத்தில் எருவின் உப்பு கழுவிப்போகும். வறண்ட நிலத்தில் போவதற்கு இடமில்லை. தண்ணீர் ஆவியாகி உப்பு மேலேயே வெள்ளையாகப் பூக்கும். ஒரு பங்கு மட்குக்கு ஐந்து பங்கு நல்ல தண்ணீர் கலந்து, அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கலக்கி, தெளிந்ததில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனைக் கைக்கருவியால் பாருங்கள். மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேல் காட்டினால் விதை வரிசையில் போடாதீர்கள். கோழி எருவும், உப்புத் தண்ணீர் தெளித்து மட்கிய குப்பையும் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டும்.

பயிரும் ஒன்றுபோல இல்லை. மண்ணைத் தண்ணீரால் நிறையக் குழைத்து வடித்த சாற்றில் (நிறைவுச் சாறு) அதே அலகில் அளந்தால், சோளம் 6.8 வரையும், தீவன பார்லி 6 வரையும் விளைச்சல் குறையாமல் தாங்கும். தீவனத் தட்டைப்பயறு 2.5-லும், குதிரைமசால் 2-லும், தீவன மக்காச்சோளம் 1.8-லும் குறையத் தொடங்கிவிடும். கிணற்றுத் தண்ணீரே கரிக்கும் இடத்தில் குதிரைமசாலுக்கு ஆண்டுதோறும் எரு கொட்டினால் வயல் திட்டுத் திட்டாக வெறிச்சோடும்.

எவ்வளவு போடுவது

ஹெக்டேருக்கு 10 டன், அதாவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்வோம். 30% ஈரம் கழித்தால் உலர் எடை 7 டன். அதில் 1.5% தழைச்சத்து இருந்தால் 105 கிலோ. பயிருக்கு வேண்டியது 70 கிலோதானே, தாராளம் என்று தோன்றும். ஆனால் மட்கில் உள்ள தழைச்சத்து கரிமத்தோடு கட்டுண்டது. முதல் பருவத்தில் 10–20% தான் அவிழும். 15% என்று எடுத்தால் வெறும் 16 கிலோ. மீதி அடுத்தடுத்த ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வரும், வறண்ட மண்ணில் இன்னும் மெதுவாக.

மட்கை மட்டும் நம்பி முதல் ஆண்டிலேயே பயிர் வெளிறியதைப் பார்த்து, மட்கு பயனில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அந்த இடைவெளியை நிரப்ப ஸ்லரி, இரண்டு வரிசை சோளத்துக்கு ஒரு வரிசை தட்டைப்பயறு, அல்லது மழை பெய்து மண்ணில் ஈரம் நிற்கும் 30-ஆம் நாளில் சுமார் 40 கிலோ யூரியா என எதையாவது சேர்த்தே ஆக வேண்டும். இடைவெளியை மட்கிலேயே நிரப்ப 40 டன் கொட்டுவது மோசமான வழி. உப்பு ஏறும், பாஸ்பரஸ் பல மடங்கு தேங்கும்.

10 டன்னுக்கு வேண்டிய மட்கு சேராவிட்டால், 3 டன்னை விதைப்புச் சாலில் மட்டும் இடுங்கள். வயல் முழுவதும் மெல்லியதாகத் தூவுவதைவிடக் குறைந்த மட்கு வேரடியில் கிடப்பது மானாவாரியில் மேல்.

எப்போது, எப்படி

மானாவாரியில் மழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் பரப்பி, அன்றே 10–15 செ.மீ. ஆழத்துக்கு உழுதுவிடுங்கள். வண்டியில் கொண்டுவந்து வயலில் சிறு குவியலாகக் கொட்டி, மழை வரட்டும் என்று வாரக்கணக்கில் விடும் வழக்கம் இரட்டை நட்டம். வெயிலில் சத்து போகிறது. பயிர் வளர்ந்த பிறகு அந்த வயலைப் பாருங்கள்: குவியல் கிடந்த இடம் கரும்பச்சை வட்டமாக, இடுப்பளவுக்கு மேல் அடர்ந்து நிற்கும், நடுவில் மற்றதெல்லாம் மஞ்சள். அந்தக் கரும்பச்சை வட்டத்தில்தான் நைட்ரேட் குவிந்திருக்கும். கையில் அரிவாளோடு போகிறவர் முதலில் அறுப்பதும் அதைத்தான்.

இறவையில் கம்பு நேப்பியர், கினியா, கொழுக்கட்டைப் புல் போன்ற பல்லாண்டுப் புல்லுக்கு ஒவ்வொரு அறுப்புக்குப் பின்னும் இரண்டு மூன்று நாளுக்குள், புதுத் தளிர் விரியும் முன்பு, ஸ்லரி விடுங்கள். ஆயிரம் லிட்டர் மாட்டுச் சாண ஸ்லரியில் 2–4 கிலோ தழைச்சத்து இருக்கும். ஏறக்குறைய பாதி அமோனியமாக உடனே கிடைக்கும். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், அதே அளவு தண்ணீர் கலந்து, வரிசைக்கு நடுவே கீறிய சாலில் ஊற்றி மண் தள்ளுங்கள், அல்லது பாசனத் தண்ணீரோடு சாலில் விடுங்கள். உச்சி வெயிலில் தரைமேல் ஊற்றினால் அந்த அமோனியம் பெரும்பாலும் மாலைக்குள் காற்றில் போய்விடும். சொட்டு நீர்க் குழாயில் விடுவதானால் ஒரு நாள் தெளியவைத்து, 120 மெஷ் வடிகட்டியில் இருமுறை வடித்து, முடித்ததும் வெறும் தண்ணீர் ஓடவிடுங்கள். சொட்டுவாய் அடைத்தால் திறப்பது பெரும்பாடு.

சாதாரண வெப்பத்தில் ஓடும் எரிவாயுக் கலன் எல்லாப் புழு முட்டையையும் நோய்க்கிருமியையும் கொல்லாது. எனவே ஸ்லரி இலையில் படக் கூடாது. விட்ட பிறகு 30 நாள் அறுப்போ மேய்ச்சலோ வேண்டாம். மந்தையில் ஜோன்ஸ் நோய் (சாணம் வழியே பரவும் தீராத கழிச்சல் நோய்) இருந்தால் கன்றுகளுக்கு அந்த வயல் தீவனமே கொடுக்காதீர்கள்.

அறுத்துக் கொடுக்கும் முன்

தழைச்சத்து மிகுந்து, நடுவில் மழை நின்று பயிர் வாடினால் சோளத்திலும் கம்பிலும் நைட்ரேட் தண்டின் அடியில் சேரும். சோளத்தில் கூடவே ஹைட்ரஜன் சயனைடும் இளந்தளிரில் ஏறும். வறட்சி முடிந்து முதல் மழை பெய்து, பயிர் பளிச்சென்று துளிர்க்கும் நாட்கள்தான் மிக ஆபத்து. மழைக்குப் பிறகு இரண்டு வாரம் பொறுங்கள். சோளத்தைப் பாதிப் பூ எடுத்த பிறகே அறுங்கள். அறுத்த தூரிலிருந்து வரும் முழங்கால் உயரத் துளிரில் மாட்டை விடாதீர்கள். சந்தேகமுள்ள பயிரைத் தரையிலிருந்து 20–30 செ.மீ. விட்டு அறுங்கள்.

இரண்டு நஞ்சையும் கையாளும் முறை வேறு. சயனைடு நன்றாகக் காயவைத்தால் பெரும்பாலும் போய்விடும். நைட்ரேட் காயவைத்தாலும் அப்படியே இருக்கும். காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து ஊறுகாய்ப் புல்லாகப் போட்டால் ஓரளவு குறையும். உலர் எடையில் நைட்ரேட் 0.5%-க்குள் இருந்தால் கவலை இல்லை, 1.5%-க்கு மேல் போனால் கொடுக்கவே வேண்டாம். இடைப்பட்டதை வைக்கோலோடு கலந்து, பசித்த வயிற்றுக்கு இல்லாமல், சிறுகச் சிறுகக் கொடுங்கள். மாடு தள்ளாடி, மூச்சு இரைத்தால் தீவனத்தை அப்புறப்படுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழைத்து, தின்றது என்ன என்பதையும் சொல்லுங்கள். இரத்தம் சாக்லேட் நிறமாக இருந்தால் நைட்ரேட், பளீர்ச் சிவப்பாக இருந்தால் சயனைடு. மருந்து வேறு வேறு.

பல ஆண்டு எரு கண்ட புல்லில் பொட்டாசியம் மிகுந்து, மாட்டுக்கு மெக்னீசியம் சேராமல் தடுக்கும். கன்று ஈன்ற கறவை மாடு துடித்து விழுந்தால் இதையும் நினையுங்கள். அந்தப் புல்லோடு பயறுவகைத் தீவனம் சேர்த்துக் கொடுப்பதும் தாது உப்பில் மெக்னீசியம் வைப்பதும் இதைத் தடுக்கும்.

மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மண்ணைச் சோதித்து பாஸ்பரஸையும் உப்பையும் பாருங்கள். மேலே சொன்ன 10 டன்னில் பாஸ்பரஸ் 0.5% இருந்தாலே 35 கிலோ. பயிர் எடுப்பது 12. எனவே மண்ணில் பாஸ்பரஸ் போதும் என்று தெரிந்ததும் அந்த 10 டன்னை மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாக மாற்றி, இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்லரியையும் பயறு வரிசையையும் வைத்துக்கொண்டு, மிஞ்சும் மட்கை இதுவரை எரு காணாத அடுத்த வயலுக்கு நகர்த்துங்கள்.